கறவை மாட்டுக்குக் கேட்கிற கேள்வியைப் படிப்புக்கும் கேட்போம்

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில், "இரண்டு வருடப் படிப்பு – அதற்குப் பிறகு என்ன?" என்ற தலைப்பில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத குழுக்களுக்காக இங்கே தருகிறோம். மாதக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம்.)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், தர மதிப்பீடு என்று பேசுவோம். இன்றைக்கு நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிற ஒரு விஷயத்தைப் பேசலாம் என்று வந்திருக்கிறோம். நம் குழுக்களில் பிள்ளையை டீச்சர் டிரெயினிங் படிக்க வைத்தவர்கள் எத்தனை பேர்? கொஞ்சம் கையைத் தூக்குங்க. சரி. அதில் எத்தனை பேர் வீட்டுப் பிள்ளை இன்றைக்கு அரசுப் பள்ளியில் பாடம் நடத்துது? பாருங்க, தூக்கின கையெல்லாம் கீழே இறங்கிருச்சு.

ஊர் ஊராகப் போகும்போது நாங்கள் பார்ப்பதும் இதுதான். அலமாரியில் பிளாஸ்டிக் கவருக்குள் பட்டயச் சான்றிதழ் பத்திரமா இருக்கு. படித்த பிள்ளை பனியன் கம்பெனிக்குப் போகுது. இல்லாவிட்டால் துணிக்கடைக்குப் போகுது. இல்லாவிட்டால் கல்யாணமாகிப் போன ஊரில் நம்மைப் போலவே ஒரு குழுவில் சேர்ந்து, "நீதான் படிச்சிருக்கியே, கணக்கு நோட்டை நீயே எழுது" என்று சொன்னதும் எழுதிக் கொடுக்குது. எந்த வேலையும் கேவலமில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்று, கிடைத்தது இன்னொன்று. இது ஏன் நடந்தது, இனி நாம் என்ன செய்யலாம், இந்த இரண்டையும்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

நம் கனவாக வந்த படிப்பு

1989இல் தருமபுரி மாவட்டத்தில் இந்த மகளிர் குழு வேலை தொடங்கியபோது கையெழுத்துப் போடத் தெரிந்த உறுப்பினர்கள் குறைவு. மை தொட்டுக் கட்டை விரல் வைத்தவர்கள்தான் நம் மூத்த சகோதரிகள். அவர்களுக்கு ஊரில் மரியாதையான வேலை பார்க்கிற பொம்பளை என்றால் இரண்டு பேர்தான் தெரியும். ஒருவர் நர்ஸம்மா, இன்னொருவர் டீச்சரம்மா. "நான்தான் கைநாட்டு, என் பொண்ணு டீச்சராகணும்" என்று அவர்கள் நினைத்ததில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை.

அந்தப் படிப்பும் நமக்கு எட்டுகிற மாதிரி இருந்தது. +2 முடித்தால் போதும், இரண்டே வருடம். ஆசிரியர் பட்டயப் பயிற்சி என்று சொன்னார்கள், இப்போது தொடக்கக் கல்விப் பட்டயம் என்று சொல்கிறார்கள். 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் வந்தன. அவை அரசு நிறுவனங்கள், கட்டணம் குறைவு. ஆனால் அங்கே இடமும் குறைவு. 2000க்குப் பிறகு தனியார் பயிற்சி நிறுவனங்கள் சாலைக்குச் சாலை முளைத்தன. "சேர்ந்தா போதும், வேலை நிச்சயம்" என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். தாலிக்கொடியை அடகு வைத்தவர்கள் உண்டு. குழுவில் உள்கடன் வாங்கினவர்கள் உண்டு. வெளியே மீட்டர் வட்டிக்கு வாங்கினவர்களும் உண்டு.

அப்போது நடைமுறை எப்படி என்றால், படித்து முடித்ததும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிய வேண்டும். பதிவு மூப்புப்படி கடிதம் வரும். "இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு வரும்" என்று காத்திருந்தார்கள். பதிந்தவர்கள் வருஷா வருஷம் கூடிக்கொண்டே போனார்கள். காலியிடம் அந்த வேகத்தில் கூடவில்லை. பத்துப் பேர் நிற்கிற பஸ் நிறுத்தத்தில் நூறு பேர் நின்றால் என்ன ஆகும்? பஸ் வந்தாலும் முதலில் நின்றவர்தான் ஏறுவார். கடைசியில் நிற்பவருக்குப் பஸ் வந்த மாதிரியே தெரியாது.

விதி மாறியது

2009இல் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தைத் தொடர்ந்து, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஆசிரியராகச் சேர வேண்டுமானால் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று 2010இல் அறிவித்தார்கள். நம் பிள்ளைகள் "டெட்" என்று சொல்கிறார்களே, அதுதான்.

தமிழ்நாட்டில் முதல் தகுதித் தேர்வு 2012 ஜூலையில் நடந்தது. இரண்டு தாளையும் சேர்த்து ஆறரை லட்சம் பேருக்கு மேல் எழுதினார்கள். தேறியவர்கள் 2,448 பேர். மறுபடியும் சொல்றோம், ஆறரை லட்சத்தில் 2,448 பேர். 150 கேள்விக்குக் கொடுத்த நேரம் ஒன்றரை மணி. ஒரு கேள்வியைப் படித்து, யோசித்து, விடையைக் கறுப்பாக்க அரை நிமிஷம், முக்கால் நிமிஷம். நேரம் போதவில்லை என்று எல்லோரும் சொன்ன பிறகு, அதே ஆண்டு அக்டோபரில் மூன்று மணி நேரமாக்கி மறு தேர்வு வைத்தார்கள். அப்போது தேறியவர்கள் பல மடங்கு கூடினார்கள். பிள்ளைகள் அதே பிள்ளைகள்தானே? மூன்று மாதத்தில் மூளை வளர்ந்துவிட்டதா? இல்லை. நேரம் கிடைத்தது, தேர்வு எப்படி இருக்கும் என்பதும் தெரிந்தது.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், ஜூலையில் தேறாத பிள்ளைகளைப் பார்த்து ஊரில் என்னென்ன பேசினார்கள் என்று நமக்குத் தெரியும். "ரெண்டு வருஷம் படிச்சு என்னத்தைக் கிழிச்சா?" என்றார்கள். அந்தப் பேச்சு இன்றைக்கும் பல பிள்ளைகள் மனசில் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கு.

தேறினவர்களுக்காவது வேலை கிடைத்ததா? ஒரு பகுதியினருக்குக் கிடைத்தது. 2013 தேர்வில் தேறியும் வேலை கிடைக்காமல் நின்றவர்கள் ஏராளம். 2018இல் இன்னோர் அரசாணை வந்தது. தகுதித் தேர்வில் தேறினால் மட்டும் போதாது, நியமனத்துக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும் என்றார்கள். இடைநிலை ஆசிரியருக்கான அந்தப் போட்டித் தேர்வு நடந்தது 2024 ஜூலையில். முதலில் 1,768 இடம் என்று அறிவித்து, பிறகு 2,768 ஆக்கினார்கள்.

கணக்குப் பாருங்க. 2013இல் 21 வயதில் தகுதித் தேர்வில் தேறின ஒரு பெண்ணுக்கு, 2024இல் போட்டித் தேர்வு எழுதும்போது 32 வயது. அதற்குள் கல்யாணம், இரண்டு குழந்தை, மாமியாருக்கு வைத்தியம் எல்லாம் வந்தாச்சு. அந்தப் பெண் தன் பிள்ளையின் வீட்டுப்பாடத்தை ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு, இன்னொரு பக்கம் தன் புத்தகத்தை விரித்துப் படித்தாள். இந்தப் பதினோரு வருடத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

பள்ளியில் பிள்ளை குறைந்தால்

இன்னொரு காரணமும் இருக்கு. இதைச் சொன்னால் சிலருக்குச் சங்கடமாக இருக்கும், ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கு.

கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர். 61 ஆனால் மூன்று. 91 ஆனால் நான்கு. ஆக, ஓர் ஊர்ப் பள்ளியில் 58 பிள்ளை இருக்கிறார்கள் என்றால், இன்னும் மூன்று பிள்ளை சேர்ந்தால் ஓர் ஆசிரியர் பணியிடம் கேட்கலாம். அதே பள்ளியில் 62 பேர் இருந்து இரண்டு பேர் போய்விட்டால், மூன்றாவது டீச்சர் உபரி என்று கணக்காகி வேறு பள்ளிக்கு மாற்றப்படுவார்.

நம் ஊர்களில் குழந்தைகளே குறைந்துவிட்டன. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை. ஒன்று இரண்டு போதும் என்று நாம் முடிவெடுத்தது நல்ல முடிவுதான். ஆனால் இருக்கிற அந்த ஒன்று இரண்டையும் காலை ஏழரை மணிக்கு மஞ்சள் வேனில் ஏற்றி இங்கிலீஷ் மீடியத்துக்கு அனுப்புகிறோம். ஊர்ப் பள்ளி காலியாகுது. "என் பொண்ணுக்குப் பள்ளிக்கூடத்துல வேலை இல்லையே" என்று அழுகிற வீட்டுப் பேரப்பிள்ளையும் அதே வேனில்தான் போகுது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு தாய்க்கும் தன் பிள்ளை பற்றிப் பயமும் ஆசையும் உண்டு. ஆனால் இந்த இரண்டுக்கும் முடிச்சு இருக்கு என்பதாவது நமக்குத் தெரிய வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் உறுப்பினர்கள் இருக்கிறீர்கள். கூட்டத்தில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராமல், "எத்தனை பிள்ளை, எத்தனை பணியிடம், எத்தனை காலி?" என்று கேட்டு எழுதி வாங்குங்க.

மாட்டுக்கு ஏழு கேள்வி, படிப்புக்கு ஒன்றுமில்லை

ஓர் உறுப்பினர் கறவை மாட்டுக்குக் கடன் கேட்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நம் குழு என்ன செய்யும்? எத்தனையாவது ஈத்து? வேளைக்கு எத்தனை லிட்டர் கறக்கும்? பால் சொசைட்டி எவ்வளவு தூரம்? தீவனம் எங்கே? கொட்டகை இருக்கா? இன்சூரன்ஸ் போடுவியா? மாடு வற்றிப் போனா தவணை எப்படிக் கட்டுவே? ஏழு கேள்வி கேட்டுத்தான் தீர்மானம் எழுதுவோம். நல்ல பழக்கம். அதனால்தான் நம் குழுக்களில் மாட்டுக் கடன் பெரும்பாலும் திரும்பி வருது.

அதே உறுப்பினர் "பொண்ணுக்கு டிரெயினிங் பீஸ் கட்டணும், ஐம்பதாயிரம் வேணும்" என்று வந்தால்? படிப்புக்குத்தானே, நல்ல காரியம் என்று கைதட்டிக் கொடுத்துவிடுவது குழுக்களில் வழக்கம். ஒரு கேள்வியும் கிடையாது. கேட்டால் பொறாமை என்று நினைத்துக்கொள்வாளோ என்ற தயக்கமும் உண்டு.

ஐம்பதாயிரத்துக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலே, இரண்டு வருடத்துக்கு 12,000 வட்டி. இரண்டு ரூபாய் வட்டி என்றால் 24,000. இதோடு பஸ், சாப்பாடு, சீருடை, ரெக்கார்டு நோட்டு, கற்பித்தல் பயிற்சிக்குச் சார்ட்டும் மாடலும். மாடு வாங்கினால் மறு மாதமே பால் காசு வரும். இந்தப் படிப்பில் முதல் காசு எப்போது வரும் என்று யாரும் கேட்பதில்லை.

ஆகவே இனிமேல் எந்த இரண்டு வருடப் படிப்புக்குக் கடன் கேட்டு வந்தாலும், ஆசிரியர் பயிற்சியோ, ஐ.டி.ஐ.யோ, கேட்டரிங்கோ, லேப் டெக்னீசியனோ எதுவானாலும், குழுவில் உட்கார்ந்து இந்த ஏழு கேள்வியைக் கேளுங்க. மறுப்பதற்காக இல்லை. அந்தப் பிள்ளைக்குப் பாதுகாப்பாக.

1. இந்த நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருக்கா? ஆசிரியர் பயிற்சி என்றால் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் வேண்டும். நோட்டீஸில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம், ஆணையின் நகலைக் கேளுங்க.

2. அரசு நிறுவனத்தில் இடம் கேட்டுப் பார்த்தாச்சா? அங்கே கிடைக்கிற இடத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்குது என்பதற்காகத் தனியாரில் சேர வேண்டுமா?

3. இந்தப் படிப்பு முடித்ததும் நேரே வேலையா, இன்னும் தேர்வு எழுத வேண்டுமா? எத்தனை தேர்வு?

4. கடைசியாக அந்தத் தேர்வு எந்த வருடம் நடந்தது? எத்தனை இடம் எடுத்தார்கள்?

5. அங்கே போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் படித்து முடித்த பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? இரண்டு பேர் வீட்டுக்காவது நேரில் போய்க் கேட்டீங்களா?

6. அரசு வேலை வரும் வரை இந்தப் படிப்பை வைத்து வேறு என்ன சம்பாதிக்கலாம்? அதில் மாதம் எவ்வளவு வரும்?

7. மூன்று வருடம் வேலை கிடைக்கவில்லை என்றால் இந்தக் கடனை யார், எதிலிருந்து கட்டுவது?

ஐந்தாவது கேள்வி ரொம்ப முக்கியம். விளம்பரம் பொய் சொல்லலாம். பக்கத்து ஊரில் படித்து முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளை பொய் சொல்லாது.

படிப்புக் கடனை வங்கியிலும் கேட்கலாம். கல்விக் கடனில் படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை கட்டச் சொல்வதில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும், அதையும் மறக்கக் கூடாது. மீட்டர் வட்டிக்குப் போவதைவிட இது எவ்வளவோ மேல். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் +2 வரை படித்து மேலே படிக்கிற பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. பட்டயப் படிப்புக்கும் உண்டு என்று அறிவித்தார்கள். உங்கள் பிள்ளை சேரும்போது கல்லூரியிலேயே இதைக் கேட்டுப் பதிந்துவிடுங்க.

படித்து முடித்தவர்களுக்கு

"இதெல்லாம் இனிமே படிக்கப் போறவங்களுக்கு. என் பொண்ணு படிச்சு முடிச்சுட்டாளே, அவளுக்கு என்ன வழி?" இந்தக் கேள்வி உங்கள் முகத்தில் தெரியுது. சொல்றோம்.

முதலாவது, வீட்டில் பேச்சை நிறுத்துங்க. "தண்டமாப் போச்சு", "படிச்ச படிப்புக்கு வேலையக் காணோம்" என்று சாப்பாடு போடும்போது சொல்லாதீங்க. இடத்தைவிட ஆளை அதிகமாகப் படிக்க வைத்தது அந்தப் பிள்ளை இல்லை. பத்து வருடம் தேர்வு வைக்காமல் இருந்தது அந்தப் பிள்ளை இல்லை. கல்யாணப் பேச்சில் "டீச்சருக்குப் படிச்ச பொண்ணு" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, கல்யாணமான பிறகு "சும்மாதானே இருக்கா" என்று சொல்கிற மாமியார்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கீங்க. சிரிக்கிறீங்க, ஆனால் உண்மைதானே?

இரண்டாவது, இந்தப் படிப்புக்கு மதிப்பு போய்விடவில்லை. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. தொடக்கப் பள்ளியில், அதாவது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்க பி.எட். தகுதி ஆகாது, தொடக்கக் கல்விப் பட்டயம்தான் தகுதி என்றது. ஆகவே "டிரெயினிங் முடிச்சு வேலை இல்ல, அதனால டிகிரி படிச்சு பி.எட்.டும் படிக்கட்டும்" என்று அடுத்த கடனுக்கு ஓடுவதற்கு முன்னால் யோசிங்க. டிகிரிக்கு மூன்று வருடம். பி.எட். 2015 முதல் இரண்டு வருடம் ஆகிவிட்டது. மொத்தம் ஐந்து வருடம். தொடக்கப் பள்ளி டீச்சராவதுதான் குறிக்கோள் என்றால் அதற்கு இந்த ஐந்து வருடம் தேவையில்லை. மேல் வகுப்புக்குப் போக வேண்டும், அறிவுக்காகப் படிக்க வேண்டும் என்றால் தாராளமாகப் படிக்கலாம். ஆனால் ஒரு ஏமாற்றத்தை மூடுவதற்காக இன்னொரு கடன் வேண்டாம்.

மூன்றாவது, தேர்வுக்குத் தயாராவது. முதல் தாளில் 150 கேள்வி. குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, கணக்கு 30, சூழ்நிலையியல் 30. ஆயிரக்கணக்கில் கட்டி கோச்சிங் சென்டருக்குப் போனால்தான் முடியும் என்றில்லை. அடிப்படை எல்லாம் பள்ளிப் பாடப் புத்தகத்தில் இருக்கு. நம் ஊர்ப் பள்ளியில் கேட்டால் பழைய பிரதி கிடைக்கும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று ஒன்று இருக்கு. போட்டித் தேர்வுகளுக்கு இலவசமாக வகுப்பு நடத்துகிறார்கள். அங்கே போய்ப் பெயர் கொடுக்கச் சொல்லுங்க. தேர்ச்சி மதிப்பெண், வயது வரம்பு போன்றவை அவ்வப்போது மாறுகின்றன. பக்கத்து வீட்டில் சொன்னதை வைத்து முடிவு செய்யாமல், ஒவ்வொரு முறையும் அறிவிப்பை முழுசாகப் படிக்க வேண்டும். ஒரு முறை தகுதித் தேர்வில் தேறினால் அந்தச் சான்று ஆயுள் முழுக்கச் செல்லும் என்று 2021இல் அறிவித்துவிட்டார்கள். முன்பு ஏழு வருடம்தான். ஆகவே குழந்தை சின்னதாக இருக்கும்போது தேறி வைத்தாலும் வீணாகாது.

நான்காவது, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு. மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். பல பிள்ளைகள் கல்யாணமான வேகத்தில் இதை மறந்துவிடுகிறார்கள். பதிவு அட்டையை எடுத்துத் தேதியைப் பாருங்க. வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்க.

ஐந்தாவது, தனியார் பள்ளி வேலை. மாதம் ஐயாயிரம், ஆறாயிரத்துக்கு வேலை பார்க்கிற பிள்ளைகளைப் பார்க்கிறோம். அனுபவத்துக்காகப் போகலாம், தப்பில்லை. ஆனால் மூன்று விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். அசல் சான்றிதழை யாரிடமும் கொடுத்து வைக்கக் கூடாது, காட்டிவிட்டு நகல் மட்டும் கொடுக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு என்று எழுதின நியமனக் கடிதம் வாங்க வேண்டும். சம்பளம் வங்கிக் கணக்கில் வர வேண்டும். ஒரு குழு உறுப்பினரின் மகள் வேறு பள்ளியில் சேர இடம் கிடைத்தும் போக முடியாமல் தவித்ததை நாங்கள் பார்த்தோம். அசல் சான்றிதழ் பழைய பள்ளியின் பீரோவில் இருந்தது. "வருஷம் முடியட்டும், தர்றோம்" என்றார்கள். குழுப் பெண்கள் ஆறு பேர் சேர்ந்து போய், சான்றிதழை வாங்காமல் போக மாட்டோம் என்று வராந்தாவில் உட்கார்ந்த பிறகுதான் எடுத்துக் கொடுத்தார்கள். தனியாகப் போன பிள்ளையை நாலு முறை திருப்பி அனுப்பினவர்கள், ஆறு பேரைப் பார்த்ததும் அரை மணியில் கொடுத்துவிட்டார்கள். குழு என்பது இதற்கும்தான்.

நம் கூட்டமைப்பு என்ன செய்யலாம்?

அரசு வேலையை நம்மால் உண்டாக்க முடியாது. ஆனால் நம்மால் முடிகிற சில காரியங்கள் இருக்கு. இன்றைக்கு அவற்றைத் தீர்மானமாக எழுதலாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஒன்று, பட்டியல். ஒவ்வொரு குழுவும் தன் உறுப்பினர் வீடுகளில் பட்டயமோ ஐ.டி.ஐ.யோ முடித்து வேலையில்லாமல் இருக்கிற பிள்ளைகளின் விவரத்தை எழுத வேண்டும். பெயர், என்ன படிப்பு, எந்த வருடம் முடித்தது, வேலைவாய்ப்புப் பதிவு புதுப்பித்தாச்சா, தகுதித் தேர்வு எழுதினாரா, கடன் பாக்கி எவ்வளவு. மருமகளாக வந்த பிள்ளைகளையும் சேர்த்து எழுதுங்க. பட்டியல் கையில் இருந்தால்தான் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலோ மகளிர் திட்ட அலுவலகத்திலோ போய்ப் பேச முடியும். வாயால் "நிறையப் பேர் இருக்காங்க" என்று சொன்னால் எடுபடாது.

இரண்டு, படிக்க ஓர் இடம். வீட்டில் படிக்க உட்கார்ந்தால் தண்ணி பிடி, துணியை எடு, பிள்ளை அழுது என்று கூப்பிடத்தான் செய்வோம். கூட்டமைப்புக் கட்டடம் கூட்டம் இல்லாத நாளில் பூட்டித்தான் கிடக்குது. வாரத்தில் நாலு நாள், மதியம் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை இந்தப் பிள்ளைகளுக்குத் திறந்து விடலாம். ஒரு பெஞ்சு, ஒரு மின்விசிறி, ஒரு செட் பாடப் புத்தகம், பழைய வினாத்தாள். பெரிய செலவில்லை. கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்குக் குழுப் பெண் ஒருவர் முறை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்று, மாலை வகுப்பு. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது, படித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்கள் எத்தனை பேர் தன்னார்வலர்களாக வந்தார்கள் என்று நாம் பார்த்தோம். மாதம் ஆயிரம் ரூபாய்தான் ஊக்கத்தொகை. ஆனால் திண்ணையில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் சொன்னபோது அந்தப் பெண்கள் முகத்தில் வந்த தெளிவை நாம் மறக்க முடியாது. அதே மாதிரி நம் கூட்டமைப்பே மாலை வகுப்பு நடத்தலாம். நம் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கவும் கணக்குப் போடவும் ஆள் தேவை. டியூஷனுக்கு வெளியே கொடுக்கிற காசை நம் ஊர்ப் படித்த பிள்ளைக்குக் கொடுக்கலாம். ஒரு வீட்டுக்கு மாதம் 200 ரூபாய், இருபது பிள்ளை என்றால் 4,000. இது வாழ்க்கை நடத்தப் போதாது என்று தெரியும். ஆனால் தன் கையில் ஒரு காசு, தேர்வுக்கு விண்ணப்பம் போட யாரிடமும் கை நீட்டாத நிலை, பாடத்தோடு விடாத தொடர்பு, இந்த மூன்றும் கிடைக்கும்.

நான்கு, நம் வேலைகளை நம் பிள்ளைகளுக்கு. குழுக் கணக்கு எழுத, தணிக்கைக்குப் பதிவேடு தயார் செய்ய, பயிற்சி கொடுக்க நமக்கு ஆள் தேவைப்படுது. சொல்லிக் கொடுப்பது எப்படி என்று இரண்டு வருடம் படித்த பிள்ளைகளைவிடப் பயிற்றுநர் வேலைக்கு யார் பொருத்தம்? கணக்கு எழுதித் தருகிற பிள்ளைக்கு "நம்ம வீட்டுப் பொண்ணுதானே" என்று டீயும் வடையும் மட்டும் கொடுத்து அனுப்பாதீங்க. தீர்மானம் போட்டு மதிப்பூதியம் கொடுங்க. நம் உழைப்புக்குக் கூலி கேட்கிற நாம், அவள் உழைப்புக்கும் கொடுக்க வேண்டும்.

ஐந்து, கோரிக்கை. ஆசிரியர் நியமனத் தேர்வு எந்த வருடம், எத்தனை இடத்துக்கு என்று முன்கூட்டியே அட்டவணை போட்டு, அந்த அட்டவணைப்படி நடத்த வேண்டும். பத்து வருடம் மௌனமாக இருந்துவிட்டு ஒரு நாள் திடீரென்று அறிவிப்பது பெண்களுக்குத்தான் அதிக நஷ்டம். ஆணுக்கு அந்தப் பத்து வருடத்தில் வயது மட்டும் கூடுது. பெண்ணுக்கு ஊர் மாறுது, வீடு மாறுது, மடியில் குழந்தை வருது. இதை நம் கூட்டமைப்பின் கோரிக்கையாக எழுதி, கிராம சபையில் வைத்து, தீர்மானமாக மேலே அனுப்பலாம். கிராம சபையில் கேட்கிற உரிமை நமக்கு இருக்கு.

சகோதரிகளே, கைநாட்டு வைத்த தலைமுறை தன் பெண்ணைப் படிக்க வைத்தது. அது பெரிய காரியம். அந்தப் படிப்பு வீண் என்று யாரும் சொல்ல நாம் விடக் கூடாது. ஆனால் "படிச்சா வேலை" என்று சொல்லி நம்மிடம் காசு வாங்குகிறவர்களை இனி கேள்வி கேட்காமல் விடவும் கூடாது. மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிற நமக்கு, இதைக் கேட்கத் தெரியாதா?

அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் ஊக்குநர்கள் அவரவர் குழுப் பட்டியலைக் கூட்டமைப்பு அலுவலகத்தில் சேர்த்துவிடுங்க. பட்டியலில் இருக்கிற பிள்ளைகளை அடுத்த கூட்டத்துக்கு நேரில் அழைத்து வாங்க. அவர்களைப் பற்றி நாமே பேசிக்கொண்டிருந்தது போதும். என்ன வேண்டும் என்று அவர்களே மைக்கைப் பிடித்துச் சொல்லட்டும், நாம் உட்கார்ந்து கேட்போம்.